99 பெர்சென்டைல் வந்துவிட்டது, வகுப்பைத் தாண்டவிடலாமா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களில் அக்டோபர், நவம்பர் வந்தால் ஒரே பேச்சுதான். இலையுதிர்காலத் தேர்வு முடிவுகள் வீட்டுக்கு வந்திருக்கும். பள்ளியில் கணினியில் எழுதும் ‘மேப்’ கணக்குத் தேர்வில் 99 பெர்சென்டைல். யோசிக்கும் திறனை அளக்கும் ‘கோகேட்’ தேர்வில் எண்திறன் 138. ஊரிலிருந்து தாத்தா, “எங்கள் காலமாக இருந்தால் இந்நேரம் டபுள் புரமோஷன் கொடுத்திருப்பார்கள்” என்கிறார். பள்ளிக்கூடம், “குழந்தை சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், எதற்கு அவசரம்?” என்று கேட்கிறது. நடுவில் நிற்கும் பெற்றோரின் கையில் இருப்பவை சில எண்கள் மட்டுமே.

அந்த எண்களை எப்படிப் படிப்பது, படித்த பிறகு இருக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒஹாயோவில் பல வருடங்களாக நண்பர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இத்தகைய அறிக்கைகளை விரித்துவைத்துப் பேசியதில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகியிருக்கிறது. சொந்த வகுப்புக்கான தேர்வில் ஒரு குழந்தை உச்சத்தைத் தொட்டால், இந்த வகுப்பு அவளுக்குப் போதவில்லை என்று பொருள். எந்த வகுப்பு பொருந்தும் என்பதை அந்தத் தேர்வால் சொல்ல முடியாது. அது தெரிய வேண்டுமானால் மேல் வகுப்புக் கேள்விகளை அவளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் வகுப்பைத் தாண்டவிடுவது தவறு. பார்க்காமலே வேண்டாம் என்று மறுப்பதும் அதே அளவு தவறு.

இருக்கும் வழிகள் நான்கு. அதே வகுப்பில் வைத்துக்கொண்டு கனமான வேலை கொடுப்பது முதல் வழி. ஒரு பாடத்துக்கு மட்டும், பெரும்பாலும் கணக்குக்கு, மேல் வகுப்புக்கு அனுப்புவது இரண்டாவது. முழு வகுப்பையே தாண்டவைப்பது மூன்றாவது. பள்ளிக்கே போகாத சிறு பிள்ளையை வயதுக்கு முன்பே கிண்டர்கார்டனில் சேர்ப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மதிப்பெண் சாட்சி சொல்ல வேண்டும். ஒன்றுக்கான சாட்சியை மற்றொன்றுக்கு இழுப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

ஓர் அறிக்கையைப் பிரித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இலையுதிர்கால மேப் தேர்வில் கணக்கு 221, வாசிப்பு 204. கோகேட்டில் மொழித்திறன் 118, எண்திறன் 138, உருவத்திறன் 131. எண்கள் நான் அமைத்தவைதான். ஆனால் நான் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளின் அறிக்கைகளில் இந்த வார்ப்பு அடிக்கடி வருகிறது. கணக்கு வெகு உயரத்தில் இருக்கும். மொழி நன்றாக இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் இருக்காது.

முதலில் 221. மேப் தேர்வின் மதிப்பெண்ணை ‘ரிட்’ என்பார்கள். அது வகுப்புக்கு வகுப்பு மாறாமல் தொடர்ந்து செல்லும் ஒரே அளவுகோல். அதனால் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் எண்ணை ஆறாம் வகுப்பின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு அட்டவணையின்படி இலையுதிர்காலத்தில் கணக்குச் சராசரி மூன்றாம் வகுப்புக்குச் சுமார் 188, நான்காம் வகுப்புக்கு 200, ஐந்தாம் வகுப்புக்கு 209, ஆறாம் வகுப்புக்கு 215. நம் சிறுமியின் 221 ஆறாம் வகுப்புச் சராசரியையும் தாண்டி நிற்கிறது.

இங்கேதான் பெற்றோர் ஒரு தாவல் தாவுகிறார்கள்: “அப்படியானால் இவள் ஆறாம் வகுப்புக் கணக்கு போடுவாள்!” கொஞ்சம் பொறுக்க வேண்டும். மேப் தேர்வில் தொடக்க வகுப்புகளுக்கு ஒரு பதிப்பு, இரண்டு முதல் ஐந்து வரை ஒரு பதிப்பு, ஆறாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் ஒரு பதிப்பு என்று தனித்தனியாக உண்டு. பிள்ளையின் பதிலுக்கேற்பக் கணினி கேள்வியைக் கடினமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதிப்புக்கு உரிய கேள்விகளிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். விகிதம், எதிர்ம எண்கள் போன்ற ஆறாம் வகுப்புப் பாடங்களை நம் சிறுமியிடம் யாரும் கேட்கவே இல்லை. தொடக்கப்பள்ளிக் கணக்கில் அவள் மிகவும் வலுவாக இருக்கிறாள் என்பதை 221 காட்டுகிறது. அதற்கு மேல் எதையும் காட்டவில்லை. எனவே பள்ளியிடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை, ‘6 பிளஸ்’ பதிப்பையும் இவளுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்பதே. அதே கணினி, அதே அறை. ஒரு மணி நேரம் போதும்.

சில தேர்வு அறிக்கைகளில் ‘வகுப்புச் சமநிலை’ என்று 6.5 போன்ற ஓர் எண் இருக்கும். இதைப்போல் பெற்றோரை வழிதவறச் செய்த எண் வேறில்லை. மூன்றாம் வகுப்புத் தேர்வை, ஆறாம் வகுப்பில் ஐந்து மாதம் படித்த சராசரி மாணவர் எழுதினால் என்ன மதிப்பெண் வாங்குவாரோ, அதை இந்தக் குழந்தை வாங்கியிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள். எழுதியது மூன்றாம் வகுப்புத் தேர்வு. அந்த எண்ணை வைத்து வகுப்பு கேட்காதீர்கள்.

அடுத்தது 99 பெர்சென்டைல். அதே வகுப்பில் படிக்கும் நூறு பேரை நிறுத்தினால் 99 பேரைவிட மேலே இருக்கிறாள் என்பது அதன் பொருள். நூற்றுக்கு 99 சரியான விடை என்பதல்ல. மேப் போன்ற தேர்வில் எந்தக் குழந்தைக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தவறாகும்படிதான் கணினி ஏற்பாடு செய்கிறது. “பாதி தெரியவில்லை அம்மா” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிள்ளை 99 வாங்கியிருப்பது அதனால்தான். இன்னொன்று: பெர்சென்டைல் 99இல் நின்றுவிடுகிறது. ஐக்யூ அளவில் 135 பெற்ற குழந்தையும் 155 பெற்ற குழந்தையும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவார்கள். ஆறடி அளவுகோலை வைத்து ஏழடி மனிதரை அளப்பது போன்றது அது. மாநிலத் தேர்வுகளில் இது இன்னும் மோசம். அவை அந்த வகுப்பின் பாடத்திட்டம் கைவந்ததா என்று பார்க்கவே எழுதப்பட்டவை. அதில் உச்ச நிலை வந்திருந்தாலும் வகுப்பு முன்னேற்றத்துக்கு அது சாட்சியாகாது.

இந்த உண்மையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி 1969லேயே செயலில் காட்டினார். பால்டிமோர் பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, பள்ளி இறுதி மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். சிறுவன் மிகச் சிறப்பாக எழுதினான்; அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தான். 1971இல் ஸ்டான்லி தொடங்கிய கணிதத் திறமையாளர் ஆய்வு அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. வகுப்புத் தேர்வில் உச்சத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை மேல் நிலைத் தேர்வுக்கு அனுப்பினால் அவர்கள் பரந்து விரிகிறார்கள். சிலர் அங்கே சராசரி, சிலர் அங்கேயும் முதல். வகுப்பைத் தீர்மானிக்க உதவுவது அந்தப் பரவல்தான்.

எண்ணுக்கு ஒரு வீச்சு உண்டு

மேப் அறிக்கையில் 221க்கு இருபுறமும் 218, 224 என்று இரண்டு எண்கள் சிறிதாக அச்சாகியிருக்கும். தேர்வின் பிழை எல்லை ஏறக்குறைய மூன்று புள்ளி. ஐக்யூவை அளக்கும் விஸ்க் என்ற உளவியல் தேர்வில் ஐந்தாறு புள்ளி இருபுறமும் விலகலாம். ஆகவே பள்ளி 130 என்று வரம்பு வைத்திருக்கையில் 128 வாங்கிய குழந்தைக்கும் 131 வாங்கிய குழந்தைக்கும் உண்மையில் வேறுபாடு இல்லை. வரம்புக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டாம். சற்று மேலே வந்துவிட்டது என்று முடிவெடுத்துவிடவும் வேண்டாம்.

அறிக்கையின் ஓரத்தில் தேர்வு எத்தனை நிமிடம் நடந்தது, அவசர ஊகமாக எத்தனை சதவீதக் கேள்விகளுக்குப் பதில் அளித்தாள் என்றும் இருக்கும். எல்லோரும் இதைத் தாண்டிப்போகிறார்கள். முந்தைய தேர்வில் 60 நிமிடம் உட்கார்ந்தவள் இம்முறை 18 நிமிடத்தில் முடித்துவிட்டு 12 புள்ளி சரிந்திருந்தால், அது கணக்கு மறந்துபோனதன் அடையாளமல்ல. அதேபோல், ஆண்டுக்கு மூன்று முறை வரும் தேர்வில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவதும் சரியல்ல. உச்ச மதிப்பெண்ணில் அந்த நாளின் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்கும். அடுத்த முறை சற்றே இறங்குவது இயல்பு. குறைந்தது இரண்டு பருவங்களின் மதிப்பெண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

கோகேட் வேறு ரகம். மேப் தேர்வு கற்றதை அளக்கிறது. கோகேட் கற்காத ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்கும் திறனை அளக்க முயல்கிறது. அதன் சராசரி 100, பரவல் அலகு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் தூரம்) 16. விஸ்க்கின் பரவல் அலகு 15. எனவே பக்கத்து வீட்டுப் பையனின் கோகேட் 132ஐயும் உங்கள் பெண்ணின் விஸ்க் 130ஐயும் ஒப்பிட்டு யார் கெட்டிக்காரர் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. இரண்டும் சராசரியிலிருந்து இரண்டு அலகு, அதாவது ஒரே தூரம்.

நம் சிறுமியின் 118, 138, 131 ஆகிய மூன்றும் சேர்ந்து ‘பி’ வகைப் படிவத்தைத் தரும். இரண்டு திறன்கள் ஒட்டி நிற்கின்றன, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால் ‘ஏ’. 24 புள்ளியோ அதற்கு மேலோ இடைவெளி வந்தால் ‘ஈ’. கூட்டு மதிப்பெண்ணைவிட இந்த எழுத்துதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் முழு வகுப்பா, ஒரு பாடமா என்ற கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது.

அந்த 118ஐப் பற்றி ஒரு வார்த்தை. கோகேட் மொழிப்பகுதியில் இரண்டாம் வகுப்பு வரை படங்கள்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து சொற்களும் வாக்கியங்களும் வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு மொழி மதிப்பெண் இறங்குவதைப் பார்க்கலாம். யோசிக்கும் திறன் குறைந்துவிட்டதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு தேர்வுப் பகுதியில் நான்கு புள்ளி ஏறுவதற்காகப் பாட்டியோடு பேசும் மொழியை விலையாகக் கொடுக்கக் கூடாது.

பயிற்சிப் புத்தகங்களையும் பயிற்சி மையங்களையும் பற்றிச் சொல்லாமல் முடியாது. மையத்துக்குப் போய்ப் பின்னங்களை முன்னதாகவே கற்றுக்கொண்ட பிள்ளையின் மேப் மதிப்பெண் பொய்யல்ல. அவளுக்குப் பின்னம் தெரியும். தெரிந்ததை மறுபடி ஒரு வருடம் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. ஆனால் கோகேட் கேள்விகளையே மாதக்கணக்கில் போட்டுப் பழக்கினால் அந்தத் தேர்வு சொல்லவந்தது அழிந்துவிடும். புதிதாக யோசிக்கிறாளா என்று பார்க்கக் கேட்ட கேள்வி, பழகியதை நினைவுகூர்கிறாளா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கேள்வியின் வடிவம் தெரியும் அளவுக்கு ஒரு மாதிரித் தாள் போதும்.

எந்த வழிக்கு எந்த எண்

இனி அதே சிறுமியை வைத்து வழிகளை எடைபோடுவோம்.

அதே வகுப்பில் இருப்பது. வாசிப்பில் 204 என்பது மூன்றாம் வகுப்பில் சுமார் 84 பெர்சென்டைல். இதற்கு அவளுடைய வகுப்பே சரி. நல்ல நூலகம் இருந்தால் போதும். கணக்கில் இந்த வழி எடுபடாது. பள்ளிகள் பெருமையாகச் சொல்லும், திறமையாளர்களுக்காக வாரம் ஒருமுறை நடக்கும் கிஃப்டட் வகுப்பு நல்ல விஷயம்தான். ஆனால் அது மற்ற நான்கு நாட்களின் கணக்கு வகுப்பை மாற்றுவதில்லை. பாடம் தொடங்குமுன் அந்தப் பாடத்தின் முடிவுத் தேர்வைக் கொடுத்து, தெரிந்ததை விட்டுவிட்டு மீதியை மட்டும் கற்பிக்கும் முறை இருக்கிறது. ஆசிரியர் மனமுவந்து செய்தால் 90, 95 பெர்சென்டைலில் உள்ள பிள்ளைக்கு அதுவே போதும். 221க்குப் போதாது. முன்தேர்வு வைத்தால் ஏறக்குறைய எல்லாப் பாடத்தையும் விட்டுவிட வேண்டியிருக்கும். பிறகு அவள் மூலையில் தனியாக உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருப்பாள். எட்டு வயதுக் குழந்தைக்குக் கணக்கு என்பது யாரோடும் பேசாமல் செய்யும் வேலை என்று பழக்குவது எனக்குச் சம்மதமில்லை.

முழு வகுப்பைத் தாண்டுவது. நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வாசிப்பு 204 அங்கே சராசரிக்குச் சற்று மேல், மூழ்கிவிட மாட்டாள். ஆனால் கணக்கு? அந்த வகுப்பின் சராசரி 200, அவளுடையது 221. அங்கேயும் அதே அலுப்பு. வாசிப்பில் இருந்த தாராளமும் போய், கணக்கில் இருந்த பசியும் தீராமல், நண்பர்களையும் விட்டு வந்திருப்பாள். படிவம் ஏற்றத்தாழ்வாக இருக்கும் குழந்தைக்கு முழு வகுப்புத் தாண்டல் இப்படித்தான் முடியும். பிரச்சினை இரண்டு வகுப்பு தூரத்தில் இருக்கும்போது ஒரு வகுப்பு நகர்த்துவது தீர்வாகாது.

கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பு. இவளுக்கு என் தேர்வு இதுதான். எந்த வகுப்பு என்பதைப் பாடப்பொருளை வைத்து முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பு பெருக்கல், வகுத்தல், எண்கோட்டில் பின்னம். நான்காம் வகுப்பு பல இலக்கப் பெருக்கல், சமபின்னங்கள். ஐந்தாம் வகுப்பு வேறு வேறு பகுதி கொண்ட பின்னங்களைக் கூட்டுதல், தசமங்கள். நான்காம் வகுப்பின் ஆண்டு இறுதித் தேர்வைப் பள்ளியே அவளுக்குக் கொடுக்கட்டும். அதில் எங்கெங்கே ஓட்டை என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். சமபின்னத்தில் மட்டும் தடுமாறினால் சில வாரங்களில் அடைத்துவிடலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்குப் போகலாம். நீண்ட வகுத்தலும் கோணங்களும் சேர்ந்து விடுபட்டிருந்தால் நான்காம் வகுப்பே மேல். இங்கே வாசிப்பு மதிப்பெண்ணும் உதவிக்கு வருகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் பத்தி பத்தியாகக் கதைக் கணக்குகள் வரும். விடையை எப்படிக் கண்டாய் என்று எழுதவும் சொல்வார்கள். 204 என்பது ஐந்தாம் வகுப்பு வாசிப்புச் சராசரிக்குச் சமம். எனவே சமாளிப்பாள். அதே பிள்ளையின் வாசிப்பு 185 என்றிருந்தால் கணக்கு 221 ஆக இருந்தும் நான் ஐந்தாம் வகுப்புக்குத் தயங்குவேன்.

இந்த வழிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கூட்டத்தில் யாரும் முதலில் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கும் ஐந்தாம் வகுப்புக் கணக்கும் ஒரே மணியில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இவள் கணக்குக்காக அறிவியலையோ விளையாட்டு வகுப்பையோ இழப்பாள். இரண்டு ஆண்டுகள் கழித்து இவள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது கணக்கு ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும். அந்த வகுப்பு வேறு கட்டிடத்தில், நடுநிலைப் பள்ளியில், வேறு நேரத்தில் தொடங்கும். பஸ் யார் அனுப்புவார்கள்? காலையில் நடுநிலைப் பள்ளியில் முதல் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வருவாளா, அல்லது இணைய வழியா? உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் முடிந்த பிறகு என்ன? அருகில் கல்லூரி இருக்கிறதா? பதினோராம் வகுப்பில் கணக்கே இல்லாமல் நிற்கும் நிலை வரக் கூடாது. இந்த வரைபடத்தை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடம் மேலே அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் ‘ஆசிரியர் இல்லை’ என்று திரும்ப அதே பாடத்தில் உட்காரவைப்பது நடக்கிறது. அதைவிட அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

முழு வகுப்புத் தாண்டல் யாருக்கு?

மேலே சொன்னதைப் படித்துவிட்டு நான் வகுப்புத் தாண்டலுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். பொருத்தமான பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்கிலும் வாசிப்பிலும் மூன்றாம், நான்காம் வகுப்புச் சராசரிகளைத் தாண்டி நிற்கிறான். கோகேட் மூன்று பகுதியும் ஒரே உயரம், ‘ஏ’ படிவம். விஸ்க் முழு மதிப்பெண் 134. அதே அறிக்கையின் உள்ளே ‘ஜிஏஐ’ என்று ஒரு வரி: 142. ஏன் இந்த எட்டுப் புள்ளி வித்தியாசம்? முழு மதிப்பெண்ணில் வேகமும் நினைவாற்றலும் சேரும், ஜிஏஐயில் சேராது. நிதானமாக, ஒவ்வொரு கோட்டையும் அழகாகப் போடும் பிள்ளைக்கு வேகப் பகுதியில் சராசரிதான் வரும். யோசிப்பதற்கும் பென்சில் ஓடும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மேல் வகுப்பில் அதிகம் எழுத வேண்டியிருக்கும் என்பதால் அந்த வேக மதிப்பெண்ணைத் தூக்கியெறியவும் கூடாது. புதிய ஆசிரியருக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

இந்தப் பையனை எல்லாப் பாடத்துக்கும் தனித்தனியாக மேலே அனுப்பினால் நாள் முழுவதும் நடைபாதையில் நடந்துகொண்டிருப்பான். ஒரே நகர்த்தலில் வகுப்பை மாற்றிவிடுவதுதான் அவனுக்கு அமைதி. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய, பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்திவந்த அளவுகோல் ஒன்று நான்கு இடங்களில் மட்டும் கண்டிப்பாக நிறுத்து என்கிறது. ஐக்யூ 115ஐ எட்டாதது, உடன்பிறந்தவர் இப்போது அதே வகுப்பில் இருப்பது, தாண்டினால் அண்ணனோ அக்காவோ படிக்கும் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருப்பது, குழந்தைக்கே விருப்பமில்லாதது. கடைசி இரண்டையும் நம் வீடுகளில் லேசாக எடுத்துக்கொள்கிறோம். தம்பி தன் வகுப்புக்கே வந்து உட்காரும்போது அண்ணனுக்குள் என்ன நடக்கும் என்பதை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது. பையனிடமும் தனியாக, பெற்றோர் இல்லாத அறையில், ஆலோசகர் கேட்கட்டும். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லும் ‘சரி’ வேறு.

‘மேல் வகுப்பில் பின்தங்கிவிடுவானே’ என்ற பயத்துக்கு ஆய்வுகள் ஆறுதல் தருகின்றன. நூறாண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான அலசல் ஒன்றில், முன்னேறிய மாணவர்கள் தாண்டாத தம் வயதுத் திறமையாளர்களைவிடப் படிப்பில் தெளிவாக மேலே இருந்தார்கள். புதிய வகுப்பின் மூத்த திறமையாளர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். அந்த இரண்டாவது பாதியைத் தமிழ்ப் பெற்றோர் ஊன்றிப் படிக்க வேண்டும். தாண்டிய பிறகு பிள்ளை வகுப்பில் முதல் என்ற இடத்தை இழக்கக்கூடும். 99 என்பது 88 ஆகும். அந்த 88ஐ மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும் வீடாக இருந்தால் தாண்டவிடுங்கள்; ‘ஏன் குறைந்தது’ என்று கேட்கும் வீடாக இருந்தால் பிள்ளை உள்ள இடத்திலேயே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் மிராகா கிராஸ் 160க்கு மேல் ஐக்யூ உள்ள 60 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். பல வகுப்புகள் தாண்டியவர்கள் நண்பர்களோடு நன்றாக வாழ்ந்தார்கள்; சம வயதினரோடு கட்டிவைக்கப்பட்டவர்களில் பலர் தனிமையில் தவித்தார்கள். உருக்கமான ஆய்வு அது. ஆனால் 130 உள்ள பிள்ளைக்கு இரண்டு வகுப்பு கேட்டு அந்த ஆய்வைக் கூட்டத்தில் நீட்டாதீர்கள். அது வேறு பிள்ளைகளைப் பற்றியது.

முன்கூட்டியே கிண்டர்கார்டனில் சேர்ப்பதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: நடுவில் எந்தப் பாடமும் விடுபடாது, எந்த நண்பனையும் பிரிய வேண்டாம். ஆனால் நான்கு வயதில் எடுக்கும் தேர்வு மதிப்பெண் நிலையற்றது. அன்று காலை சரியாகத் தூங்கவில்லை என்றாலே மாறும். அங்கே எண்ணைவிட, குழந்தை தானாக வாசிக்கிறதா, புதிய பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்காருமா என்பதை அதிகம் நம்புவேன்.

பிறந்த மாதமும் கணக்கில் வரும்

செப்டம்பர் 1 எல்லைத் தேதி உள்ள மாநிலத்தில் செப்டம்பர் 5இல் பிறந்த குழந்தை வகுப்பிலேயே மூத்தது. அதன் வகுப்புப் பெர்சென்டைல் அழகாகத் தெரியும். வயதுப் பெர்சென்டைல் சற்றே இறங்கும். கோகேட் அறிக்கையில் இரண்டும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். அதே சமயம், அந்தக் குழந்தை ஒரு வகுப்பு தாண்டினாலும் புதிய வகுப்பின் கடைக்குட்டியைவிடச் சில நாட்கள்தான் இளையது. ஜூலையில் பிறந்த பிள்ளை தாண்டினால் கடைக்குட்டியைவிடவும் ஏறக்குறைய ஒரு வருடம் இளையது. மதிப்பெண் சமமாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரே முடிவல்ல.

ஊர் திரும்பும் எண்ணமுள்ள குடும்பங்களுக்கு இன்னொன்று. நீட் தேர்வுக்குச் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு வகுப்பு தாண்டியவருக்குப் பொதுவாகச் சிக்கல் வராது. முன்கூட்டியே சேர்ந்து, பிறகு ஒரு வகுப்பும் தாண்டிய பிள்ளைக்கு ஒரு வருடம் காத்திருக்க நேரலாம்.

பள்ளியிடம் எப்படிக் கேட்பது

ஒஹாயோவில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் வகுப்பு முன்னேற்றக் கொள்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லினாய்ஸில் 2018 ஜூலை 1 முதல் அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் கொள்கையை இணையதளத்தில் தேடி எடுத்து, கூட்டத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். ‘எங்கள் பள்ளியில் இதெல்லாம் கிடையாது’ என்ற பதிலை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். என் குழந்தை கெட்டிக்காரி என்று எழுதாதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும். இரண்டு பருவ மேப் மதிப்பெண்களை எழுதுங்கள். மேல் பதிப்புத் தேர்வும் மேல் வகுப்பின் ஆண்டு இறுதித் தேர்வும் கொடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். அந்த முடிவுகளைக் குழுவாக உட்கார்ந்து பார்க்க ஒரு தேதி கேளுங்கள். அந்தக் குழுவில் இப்போதைய ஆசிரியரோடு, பிள்ளை போகவிருக்கும் வகுப்பின் ஆசிரியரும் இருக்க வேண்டும். தன் வகுப்புக்கு ஒரு எட்டு வயதுக் குழந்தை வரப்போகிறது என்பதை அவர் முதல் நாள் காலையில் வருகைப்பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அனுமதி கிடைத்தால், எழுத்துப்பூர்வமான திட்டத்தில் புதிய வகுப்புக்குப் பழகும் மாறுகாலம் எத்தனை வாரம் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஒஹாயோவின் மாதிரிக் கொள்கைப்படி, அந்தக் காலத்துக்குள் பெற்றோர் எழுதிக் கேட்டால் குழந்தை எந்தப் பாதிப்பும் இல்லாமல் பழைய வகுப்புக்குத் திரும்பலாம். இதைக் குழந்தையிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: “போய்ப் பார். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம், அப்பா அம்மா ஒன்றும் நினைக்க மாட்டோம்.”